மறுமொழி: அரோரா – துருவ ஒளியா, வடசுடரா?

வணக்கம்.

துருவப் பக்கத்து இரவு வானில் தெரியும் வண்ண ஒளியான அரோராவைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று போன வாரம் போட்ட ஒரு வரிக் கேள்விக்கு இத்தனை மறுமொழிகள் வரும் என்று நினைக்கவில்லை. தனித்தனியாக எழுதினால் குழம்பிவிடும். ஒரே மடலாக எழுதுகிறேன். நீளத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக: நார்வேயின் டிரோம்சோவில் எட்டுப் பேர், பத்துப் பேர் எனச் சிறுகுழுக்களை வேனில் ஏற்றிக்கொண்டு இரவில் அரோரா காட்டப் போகும் வழிகாட்டி ஒருவர், தமிழ்ப் பயணிகளுக்குக் கொடுக்க இரண்டு பக்கக் குறிப்பு எழுதித் தரச் சொன்னார். என்ன உடுத்துவது, கேமராவை எப்படி வைப்பது, வானத்தில் எதைத் தேடுவது, இவ்வளவுதான் குறிப்பு. உடையைப் பற்றி எழுத எனக்குத் தடையில்லை. வானத்தைப் பற்றி எழுதத் தொடங்கியதும் முதல் வரியிலேயே பேனா நின்றுவிட்டது. அதன் விளைவுதான் இந்த இழை.

> "துருவ ஒளி" என்பது நாளிதழ்களில் நிலைத்துவிட்டது. நிலைத்த சொல்லை ஏன் கலைக்க வேண்டும்?

நிலைத்த சொல்லைக் கலைப்பதில் எனக்கும் ஆசை இல்லை. ஆனால் இந்தச் சொல் பயணியைத் தவறான இடத்துக்கு அனுப்புகிறது. அரோரா துருவத்தின் மேல் தொங்கும் விளக்கு இல்லை. பூமியின் காந்த அச்சின் முனையை நடுவில் வைத்து, அதிலிருந்து வெகுதூரம் தள்ளி, ஒரு வளையமாகத் தெரிகிற ஒளி அது. சாதாரண இரவுகளில் அந்த வளையம் காந்த அட்சரேகை (அந்த முனையை வைத்து அளக்கும் அட்சரேகை) 65 முதல் 70 பாகை வரையிலான பகுதியில் கிடக்கும். டிரோம்சோ ஏறத்தாழ அதன் அடியில் இருக்கிறது. கனடாவின் எல்லோநைஃப் சாதாரண அட்சரேகையில் 62.5 பாகையில்தான் இருக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் டிரோம்சோவுக்கு மிகவும் தெற்கே. ஆனாலும் அந்தக் காந்த அச்சின் முனை வட அமெரிக்கப் பக்கம் சாய்ந்திருப்பதால் அந்த ஊரும் வளையத்துக்குள் வந்துவிடுகிறது. துருவத்துக்கு நெருங்க நெருங்க நன்றாகத் தெரியும் என்று எண்ணி 78 பாகையில் இருக்கும் லாங்யர்பியனுக்குப் போகிறவர், பல இரவுகளில் வளையத்தைத் தனக்குத் தெற்கே விட்டுவிட்டு நிற்பார். (அங்கே குளிர்காலத்தில் பகலிலும் இருட்டு என்பதால், பகல்நேர அரோராவைப் பார்க்கலாம் என்பது தனிக்கதை.)

"ஒளி" மீது எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. தலைச்சொல்லை அதன் பிள்ளைகளை வைத்துத்தான் சோதிக்க வேண்டும் என்பது என் கட்சி. அரோராவுக்குப் பிள்ளைகள் அதிகம்: வில்போல் கிடப்பது, திரைபோல் மடிவது, நெட்டுக்குத்தாகக் கோடு கோடாக நிற்பது, தலைக்கு மேல் முடிபோல் குவிவது. "துருவ ஒளிக் கதிர்க் கற்றை" என்று ஒருவர் எழுதியிருந்தார். உறைநிலைக்குக் கீழே இருபது பாகைக் குளிரில் வாயைத் திறந்து இதைச் சொல்லி முடிப்பதற்குள் அது மறைந்துவிடும்.

> அரோரா என்றால் இலத்தீனில் விடியலின் தேவதை. "வடவைகறை" என்று பெயர்ப்பதே நேர்மை.

அழகான சொல், மறுக்கவில்லை. அந்தப் பெயரை இட்டவர்கள் 17ஆம் நூற்றாண்டில், வளையத்துக்கு மிகவும் தெற்கே இருந்த ஐரோப்பியர்கள். பெரிய காந்தப்புயல் நாட்களில் மட்டும் அவர்களுக்கு வட அடிவானம் சிவந்து தெரியும், திசைமாறிய விடியல்போல. அவர்கள் இருந்த இடத்திலிருந்து அது சரியான பெயர். வளையத்தின் அடியிலேயே வாழ்கிறவர்கள் அப்படிச் சொல்வதில்லை. நார்வேக்காரர்களுக்கு அது "நூர்லிஸ்", வட ஒளி, அவ்வளவுதான். ஃபின்னிஷ் மொழியில் "ரெவொன்துலெத்", நரித்தீ. பனியின் மேல் ஓடும் நரியின் வால் தட்டித் தெறிக்கும் பொறி என்று அங்கே ஒரு கதை. நாம் எழுதும் குறிப்பைப் படிப்பவர் மாலை ஆறு மணிக்கு வேன் ஏறி நள்ளிரவுக்கு மேல் திரும்புகிறவர். அவரிடம் வைகறை என்றால், எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்று கேட்பார்.

"அரோரா என்றே எழுதினால் என்ன?" என்றும் இருவர் கேட்டிருந்தீர்கள். ஒன்றும் இல்லை. முதல்முறை வரும் இடத்தில் இரண்டையும் சேர்த்து எழுதத்தான் போகிறேன். பஸ் என்ற சொல்லை ஏற்றுக்கொண்டவன் அரோராவை விரட்ட மாட்டேன். ஆனால் பிள்ளைச் சொற்களையும் கடன் வாங்க வேண்டிவரும் என்பதுதான் சிக்கல்.

இப்போது நான் வடசுடருக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது அகராதியிலிருந்து வரவில்லை.

அந்த வழிகாட்டியோடு ஓர் இரவு நானும் போனேன். ஓட்டுநரும் அவரேதான், பயணிகள் எட்டுப் பேர். டிரோம்சோவின் மேல் கடலிலிருந்து வந்த மேகம் மூடிக் கிடந்தது. செயற்கைக்கோள் மேகப் படத்தைப் பார்த்துவிட்டு உள்நாட்டுப் பக்கம், ஷிபோட்ன் பள்ளத்தாக்கை நோக்கி வண்டியைத் திருப்பினார். மலைகள் மழையைத் தடுக்கும் மழைமறைவில் இருக்கும் பள்ளத்தாக்கு அது. கரையில் மேகம் இருந்தாலும் அங்கே பெரும்பாலும் வானம் தெளிந்திருக்குமாம். அங்கும் சரிப்படவில்லை. இன்னும் மேலேறி ஃபின்லாந்து எல்லையைக் கடந்தோம்; பாக்கெட்டில் கிடந்த தொலைபேசி தானாக ஒரு மணி நேரம் முன்னே போய்விட்டது. அங்கேதான் வானம் வெளிவாங்கியிருந்தது.

இறங்கி நின்றோம். அவர் கொடுத்த தடித்த முழுஅங்கிக்குள் எல்லோரும் ஒரே உருவமாக இருந்தோம். வடக்கே வெள்ளையாக ஒரு பட்டை கிடந்தது. "இது மேகந்தானே" என்று என் பக்கத்தில் நின்ற பெண்மணி ஏமாற்றத்தோடு சொன்னார். வழிகாட்டி பதில் சொல்லாமல் முக்காலியில் கேமராவை வைத்து எட்டு விநாடி திறந்து காட்டினார். திரையில் அந்த மேகம் பச்சையாக இருந்தது. மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. கேமராவுக்கு அந்தக் குறை இல்லை. குறிப்பில் நான் முதலில் எழுதப்போவது இதைத்தான். விளம்பரப் படங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் முதல் அரைமணி நேரத்தைத் தங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்ற நினைப்பிலேயே கழித்துவிடுகிறார்கள்.

பிறகு அந்தப் பட்டை மெல்ல மேலேறியது. இருந்தாற்போல் அதிலிருந்து நெட்டுக்குத்தாகக் கோடுகள் நீண்டன; இப்போது வெறுங்கண்ணுக்கே பச்சை. எட்டுப் பேரும் அவரவர் மொழியில் கத்தினார்கள். என் வாயில் வந்தது, "கால் இறங்குகிறது!"

தூரத்தில் மழை பெய்யும்போது மேகத்திலிருந்து தரைவரை சாம்பல் கோடுகள் தொங்குமே, மழைக்கால், அதைச் சொல்லும் சொல். யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் யோசித்துப் பார்த்தால் இயற்பியலுக்கும் அது பொருந்திவருகிறது. எலெக்ட்ரான்கள் காந்தப்புலக் கோடுகளின் வழியேதான் கீழே இறங்குகின்றன. அந்த அட்சரேகையில் புலக்கோடுகள் ஏறத்தாழச் செங்குத்து. ஆகவே கண்ணில் தெரியும் ஒவ்வொரு காலும் ஒரு புலக்கோட்டின் சுவடு. மேலிருந்து இறங்குவது என்பதும் உண்மை. இணையாக நிற்கும் இந்தக் கால்கள் தலைக்கு நேர்மேலே வரும்போது, இரயில் தண்டவாளம் தொலைவில் குவிவதுபோல ஒரு புள்ளியில் குவிகின்றன. அதுதான் முடி. நாங்கள் அதை ஒரு நிமிடம் பார்த்திருப்போம். கழுத்து வலித்தது.

அதனால்தான் கேட்கிறேன்: சுடர்க்கால், சுடர்வில், சுடர்த்திரை, சுடர்முடி, சுடர்வளையம். ஐந்துமே மூச்சு வாங்காமல் சொல்லக்கூடியவை. தாய்ச்சொல் வடசுடர், தெற்கே தென்சுடர்.

> சுடர் என்றால் எரிவது. அங்கே எதுவும் எரியவில்லையே? மேலும் சூரியனில் நடப்பதற்குச் "சூரியச் சுடர்" என்று ஏற்கெனவே எழுதுகிறார்கள்.

முதல் பாதிக்குப் பதில் எளிது. ஞாயிற்றையும் திங்களையும் சேர்த்து இருசுடர் என்றது நம் மொழி. திங்கள் எரிகிறதா? ஒளிர்ந்தால் போதும், சுடராகிவிடும்.

இரண்டாம் பாதி உண்மையிலேயே இடிக்கிறது. ஒரே பத்தியில் "சூரியச் சுடரால் வடசுடர்" என்று வந்தால், ஏதோ அங்கிருந்து தீ பறந்து வந்ததாகப் படிப்பவர் எண்ணுவார். சூரியனில் வெடிப்பதற்குக் "கொழுந்து" என்ற சொல்லை ஒதுக்கலாம் என்பது என் யோசனை. தீக்கொழுந்து நாம் அறிந்ததுதான். ஒன்றைக் கவனியுங்கள்: அரோராவுக்கு நேர்க்காரணம் பெரும்பாலும் கொழுந்து அல்ல. சூரியன் உமிழும் மின்மக் (பிளாஸ்மா) கூட்டமும் விரைந்த சூரியக் காற்றும்தான். எனவே இரண்டும் ஒரே பத்தியில் அடிக்கடி மோதப்போவதில்லை.

இயற்பியல் படித்த நண்பர் ஒருவர் பொதுப்பெயர் கேட்டிருந்தார்: வடக்கும் தெற்கும் சேர்ந்து, மற்றக் கோள்களில் நிகழ்வதும் சேர்ந்து. "காந்தச்சுடர்" என்று நேற்று இரவு எழுதி வைத்தேன். காலையில் நானே அடித்துவிட்டேன். செவ்வாய்க்குக் கோள் முழுவதையும் சூழ்ந்த காந்தப்புலம் இப்போது இல்லை. அங்கும் அரோரா உண்டு. "வளிச்சுடர்" என்றால், எல்லா இடத்திலும் எல்லா இரவும் மெல்ல மினுங்கும் வளிமண்டல ஒளிர்வோடு குழம்பும். என் இரண்டு பக்கக் குறிப்புக்குப் பொதுப்பெயர் தேவையில்லை. தேவைப்படுகிறவர் தேடட்டும்; எனக்கு இப்போதைக்குக் கைவசம் இல்லை.

பெயர் வைப்பது யார் என்ற கேள்விக்கு ஒரு கதை. கனடாவின் ஆல்பர்ட்டா பகுதியில் இரவு வானத்தைப் படமெடுக்கும் ஆர்வலர்கள், வழக்கமான அரோராவில் சேராத ஊதாநிற நாடா ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவந்தார்கள். அது என்னவென்று யாருக்கும் தெரியாததால், 2016இல் ஓர் அனிமேஷன் படத்தின் வேடிக்கையிலிருந்து எடுத்து "ஸ்டீவ்" என்று பெயரிட்டார்கள். விஞ்ஞானிகள் பிறகு வந்து, அந்தப் பெயரை மாற்றாமல், அதன் எழுத்துகளுக்குப் பொருந்தும்படி ஒரு நீண்ட அறிவியல் விரிவைத் தேடிப் பிடித்தார்கள். குளிரில் நின்று பார்த்தவர்கள் இட்ட பெயர் அது, இன்றும் ஆய்வுக் கட்டுரைகளில் இருக்கிறது. தமிழில் ஸ்டீவை ஸ்டீவ் என்றே விட்டுவிடுங்கள், தயவுசெய்து.

அடுத்தது, அந்த இரவுப் பயணத்துக்கே ஒரு பெயர். "சுடர் வேட்டை", "சுடர் துரத்தல்" என்று இரண்டு வந்திருக்கின்றன. ஆங்கிலத்தில் அப்படித்தான் விளம்பரம் செய்கிறார்கள். ஆனால் வேனில் உட்கார்ந்து பார்த்தவனுக்குத் தெரியும், யாரும் சுடரைத் துரத்துவதில்லை. அது நூறு கிலோமீட்டர் உயரத்துக்கும் மேலே தன்பாட்டில் கிடக்கிறது. தேடுவதெல்லாம் மேகம் விட்ட இடைவெளியை. அதற்குத் தமிழில் பழகிய வினை இருக்கிறது: வெளிவாங்குதல். "வெளிவாங்கிய இடம் தேடிப் போகிறோம்" என்று எழுதினால், நான்கு மணி நேரம் ஏன் வண்டி ஓடுகிறது என்பது பயணிக்குத் தானாக விளங்கும். பூமியின் காந்தக் கொந்தளிப்பை 0 முதல் 9 வரை சொல்லும் கே.பி. எண்ணை நிமிடத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் பார்க்கும் பழக்கமும் குறையும். வளையத்தின் அடியில் நிற்பவருக்கு ஒன்றோ இரண்டோ போதும். மேகம் இருந்தால் எட்டு இருந்தும் பயனில்லை. பெயர் "வெளிதேடல்" என்று சுருங்கலாமா, நீங்கள் சொல்லுங்கள். "சிறுகுழுச் சுற்றுலா" பற்றி விவாதமே வேண்டாம். அது சரியாக இருக்கிறது.

கண் இருட்டுக்குப் பழகுவதற்கு "இருள்பழகல்" என்று வைத்திருக்கிறேன். இருபது, முப்பது நிமிடம் ஆகும். ஒருவர் தொலைபேசித் திரையைத் திறந்தால் எட்டுப் பேருக்கும் அது பாழாகும். சிறுகுழுவாகப் போவதன் அருமை அப்போதுதான் தெரியும், ஐம்பது பேர் இறங்கும் பெரிய பஸ்ஸில் யார் யாரை அடக்குவது?

இன்னும் இரண்டு சொற்கள் மிச்சம். சுடர்த்திரை வேகமாக ஆடும்போது அதன் அடியோரம் இளஞ்சிவப்பாகத் தெரியும், நைட்ரஜனின் வேலை. அதற்குக் "கரை" என்று எழுதியிருக்கிறேன், துணிக்குக் கரை இருப்பதுபோல. மேலே 200 கிலோமீட்டருக்கும் அப்பால் வரும் செந்நிறத்துக்குப் பெயர் வைக்கவில்லை. அங்கே உள்ள ஆக்சிஜன் அணு அந்தச் சிவப்பை உமிழ ஏறத்தாழ இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்கிறது. கீழே காற்று நெருக்கமாக இருப்பதால் அதற்குள் ஏதாவது வந்து மோதிவிடும், சிவப்பு பிறக்காது. பச்சைக்கு ஒரு விநாடிகூட வேண்டாம். பொறுமையான நிறம் என்பதால்தானோ என்னவோ, அது ஆடுவதும் இல்லை, படர்ந்து கிடக்கிறது. "படர்சிவப்பு"?

கடைசிச் சொல்தான் எனக்குப் பிடிபடவே இல்லை. அமைதியாகக் கிடந்த வில் திடீரெனப் பிரகாசமாகி, உடைந்து, சில நிமிடங்களில் வானம் முழுவதும் பரவுமே, அந்தக் கணம். அதைத்தான் வழிகாட்டி கத்திச் சொல்வார். எல்லோரும் கேமராவை விட்டு மேலே பார்ப்பார்கள். "வெடிப்பு" என்றால் சத்தம் கேட்கிறது. அங்கே சத்தமே இல்லை. "பொங்கல்" என்றால் சிரிப்பார்கள். "சுடர் கட்டவிழ்ந்தது" என்று வாக்கியமாக வருகிறது, ஆனால் கத்துவதற்கு நீளம். இரண்டு அசைக்குள் ஏதாவது இருக்கிறதா? வெள்ளிக்கிழமை குறிப்பை அனுப்பியாக வேண்டும்.

அன்புடன்.