கெனிகாட் சுரங்க ஊர்: அவ்வளவு நல்ல தாதுவுக்கு அம்மோனியா ஆலை எதற்கு?

பாறைப்பித்து:
அலாஸ்காவின் கெனிகாட்டில் 70 சதவீதம் வரை செம்பு உள்ள தாது கிடைத்திருக்கிறது. அப்படியே மூட்டை கட்டி அனுப்பியிருக்கலாமே! 14 அடுக்கு ஆலையும் பக்கத்தில் அம்மோனியா ஆலையும் எதற்கு? 1938இல் ஊரே காலியானது ஏன்?

சுரங்கத்தடம்:
மூட்டை கட்டியும் அனுப்பினார்கள். சால்கோசைட் (செம்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) கட்டிகள் சாக்கில் ஏறி, ரயிலில் கார்டோவா துறைமுகம், அங்கிருந்து கப்பலில் டகோமா உருக்காலை. ஆனால் எல்லாம் அந்தத் தரம் இல்லை. மொத்தம் சுமார் 46 லட்சம் டன் தாது வெட்டினார்கள். சராசரி செம்பு 13 சதவீதம்தான். மீதி பெரும்பாலும் சுண்ணாம்புக்கல். கல்லுக்குக் கூலி கொடுத்துக் கப்பலேற்றினால் கட்டுபடியாகாது.

கம்பிவடத்தில் தொங்கும் வாளிகள் தாதுவை ஆலையின் உச்சியில் கொட்டும். நொறுக்கி, சலித்து, ஆடும் மேசைகளில் தண்ணீரோடு ஓடவிட்டால் கனமான சால்கோசைட் பிரிந்து நிற்கும், லேசான கல் அடித்துக்கொண்டு போகும். தாது இறக்கத்தில் தானாகவே அடுத்த தளத்துக்கு நகர வேண்டும் என்றுதான் சரிவை ஒட்டிக் கட்டினார்கள்.

சிக்கல் மாலக்கைட், அசுரைட் என்ற செம்பு கார்பனேட் கனிமங்கள்தான். இவை லேசானவை, கல்லோடு சேர்ந்தே போய்விடும். அமிலம் ஊற்றிக் கரைக்கலாம் என்றால், செம்பைத் தொடும் முன் அமிலத்தைச் சுண்ணாம்பே தின்றுவிடும். அம்மோனியா சுண்ணாம்பைச் சீண்டாது. 1916இல் வந்த ஆலையில் கழிவு மணலை மூடிய தொட்டிகளில் நிரப்பி, அம்மோனியாக் கரைசலால் செம்பைக் கரைத்தார்கள். கரைசலை நீராவியால் சூடேற்றினால் அம்மோனியா ஆவியாகும், செம்பு ஆக்சைடு படியும். ஆவியைக் குளிர்வித்து மறுபடி பயன்படுத்த வேண்டும். மணலில் தங்கியதையும் நீராவி செலுத்தி மீட்க வேண்டும். கசிந்தால் பணமும் போகும், மூச்சும் முட்டும். உண்மையிலேயே அபாரமான வேதியியல் வேலை அது.

பனிப்பாதை:
ஊர் காலியானதற்கு ரயிலைப் பாருங்கள். 1911இல் முடிந்த 315 கி.மீ. பாதைதான் ஊருக்கு உயிர். சிட்டினா ஊரருகே காப்பர் ஆற்றின் மரப்பாலத்தைக் கிட்டத்தட்ட ஒவ்வொரு வசந்தத்திலும் உடையும் பனிக்கட்டி அடித்துப் போகும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டினார்கள். நல்ல தாது இருந்தவரை அந்தச் செலவு தாங்கியது. 1930களில் செம்பு விலை விழுந்தது, தாதுவும் தீர்ந்துகொண்டு வந்தது. 1938 நவம்பரில் கடைசி ரயில் போனது. வீடு, மருத்துவமனை, பள்ளி எல்லாமே கம்பெனியுடையவை. ரயில் நின்றபின் அங்கே எப்படி வாழ்வது?

பாறைப்பித்து:
நன்றி. இப்போது நேரில் பார்க்க முடியுமா?

பனிப்பாதை:
முடியும். 1998 முதல் முக்கியக் கட்டடங்கள் தேசியப் பூங்காத் துறையிடம் உள்ளன. ஆலைக்குள் வழிகாட்டியோடுதான் போகலாம். சிட்டினாவிலிருந்து கெனிகாட்டின் பக்கத்து ஊரான மெக்கார்த்தி வரை சுமார் 100 கி.மீ. மண்சாலை, பழைய தண்டவாளத் தடத்தின் மேலேயே போகிறது. பழைய ரயில் ஆணிகள் இன்னும் மேலே வந்து டயரைக் கிழிக்கும். முழு அளவு உபரி டயர் இல்லாமல் கிளம்பாதீர்கள்.