அம்மா மடியில் பாரோ: உணர்வறியும் கருவிகளோடு நம் அனுபவங்கள்

அம்மாவுக்கு முதுமை மறதி. தாதிமை இல்லத்தில் இருக்கிறார். சாயங்காலம் ஆனால் போதும், செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்புக்குப் போகணும், அப்பா வேலை முடிந்து வந்துவிடுவார், இன்னும் உலை வைக்கவில்லை என்று கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அப்படி ஒரு நேரத்தில்தான் தாதி ஒருவர் பாரோவைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார்.

பாரோ, வெள்ளைக் கடல்நாய்க்குட்டி உருவத்தில் இருக்கும் ரோபோ. ஜப்பானில் தக்கனோரி ஷிபாட்டா 1993-இல் தொடங்கிய ஆய்வில் உருவானது. பூனை உருவத்தையும் செய்து பார்த்தார்களாம். பூனையை எல்லாருக்கும் தெரியும் என்பதால், நிஜப் பூனை மாதிரி இல்லையே என்று குறை சொன்னார்கள். கடல்நாய்க்குட்டியை வளர்த்தவர் யார் இருக்கிறார்கள்? தொடுவது, ஒலி, வெளிச்சம், வெப்பம் எல்லாம் அதற்குத் தெரியும். தடவிக்கொடுத்தால் கண்ணைச் சிமிட்டி முனகும். எதைச் செய்தபோது தடவினோமோ அதையே மறுபடி செய்யும். சார்ஜ் ஏற்றுவதுகூட வாயில் ஒரு சூப்பானைச் செருகித்தான்.

அம்மா அதன் தலையை இடது முழங்கையில் சாய்த்து, வலது கையால் முதுகைத் தட்ட ஆரம்பித்தார். எங்களைத் தூங்கவைத்த அதே தட்டல். கதவு ஞாபகம் போய்விட்டது. எல்லா நாளும் இப்படி அமையாது, சில நாள் தள்ளிவிடுவார்.

அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. “அம்மாவை ஏமாத்துறோம்மா” என்றார். நான் அம்மாவிடமே கேட்டேன், “இது பொம்மைம்மா, தெரியுமா?”

“தெரியாம என்ன? பொம்மைன்னா அழவிட்டுடலாமா?”

அதற்கப்புறம் அண்ணன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பதில், ஈசூனிலிருந்து:

அக்கா, உங்கள் அம்மா சொன்னதை என் மனைவியிடமும் படித்துக் காட்டினேன். எங்கள் வீட்டில் நடந்தது வேறு மாதிரி. தங்கை மகள் ஒரு வேலைக்கு விண்ணப்பித்தாள். நேர்காணலில் எதிரே ஆள் கிடையாது, திரையைப் பார்த்துப் பேசணும். முகபாவத்தையும் குரலையும் வைத்து ஆர்வத்தைக் கணிப்போம் என்று முன்கூட்டியே எழுதியிருந்தார்கள். யோசிக்கும்போது புருவம் சுருங்குகிற பிள்ளை அவள். ‘ஆர்வம் குறைவு’ என்று முடிவு வந்தது. அன்று இரவு கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பழகிக்கொண்டிருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

பாரோ உங்கள் அம்மாவுக்கு மதிப்பெண் போடவில்லை, அதுதான் வித்தியாசம். முகத்தை மட்டும் பார்த்து மனதைச் சொல்லிவிட முடியாது என்று உளவியல் ஆய்வாளர் லிசா ஃபெல்ட்மன் பாரெட் குழுவினர் 2019-இலேயே விரிவாக எழுதிவிட்டார்கள். முகத்திலிருந்து உணர்வைக் கணிக்கும் வசதியை 2022-இல் மைக்ரோசாஃப்ட் பொதுப் பயன்பாட்டிலிருந்து விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, வேலையிடத்திலும் பள்ளியிலும் இதற்கு 2025 பிப்ரவரி முதல் தடை. இங்கே சிங்கப்பூரிலும் வரவேண்டும்.

உங்கள் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு நேர்காணல் வந்தால், மனிதர் ஒருவரோடு பேசணும் என்று எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். அடுத்த இடத்தில் இவள் கேட்டாள், சரி என்றார்கள்.