ஜோஷ்னா ஜெயித்த ஞாயிறு

ஞாயிறு, 14 டிசம்பர் 2025

அண்ணன்: (படம்)

அண்ணன்: எக்ஸ்பிரஸ் அவென்யூ மாலில் நிற்கிறேன். ஸ்குவாஷ், அதுதான் ராக்கெட்டால் சுவரில் பந்தடிக்கும் ஆட்டம், அதன் உலகக் கோப்பை இறுதிப்போட்டி, இந்தியாவும் ஹாங்காங்கும். முதல் ஆட்டத்தில் ஜோஷ்னா சின்னப்பா 3-1 என்று முடித்துவிட்டார்!

பெரியப்பா: மாலுக்குள் எப்படியப்பா ஆட முடியும்?

அண்ணன்: நடுவில் கண்ணாடிக் கோர்ட் போட்டிருக்கிறார்கள் பெரியப்பா. நான்கு சுவரும் கண்ணாடி. பந்துகூட வெள்ளை. துணிப்பையோடு எஸ்கலேட்டரில் போகிறவர்கள் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே மேலே போகிறார்கள்.

அத்தை: எந்த ஜோஷ்னா? அந்தக் காலத்தில் பேப்பரில் போட்டோ வருமே, அந்தப் பெண்ணா? இன்னுமா ஆடுகிறாள்?

நான்: அவரேதான் அத்தை. வயது 39.

அத்தை: சரி, ஆடுகிறாரா என்று மாற்றிப் படித்துக்கொள்.

மாமா: இங்கே ஒருத்தி 12 வயதிலேயே ரிட்டயர் ஆகிவிட்டாள்.

குட்டி: அப்பா!!!

அத்தை: நேற்று ஸ்குவாஷ் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டாள். வந்ததும் ராக்கெட், கண்ணில் பந்து படாமல் போடும் கண்ணாடி எல்லாம் பரண்மேல் போயாயிற்று. ஒரு வருடமாகக் காலை ஐந்தரைக்குக் கொண்டுபோய் விட்டவள் நான்.

குட்டி: பந்து சூடாவதற்குள் மேட்ச் முடிந்துவிட்டது. அசிங்கமாக இருந்தது.

பெரியப்பா: பந்து எதற்குச் சூடாக வேண்டும்?

நான்: இரண்டு மஞ்சள் புள்ளி போட்ட பந்து பெரியப்பா. சில்லென்று இருந்தால் எழும்பவே எழும்பாது, தரையில் செத்து விழும். அடித்து அடித்துச் சூடேற்றினால்தான் குதிக்கும். அதனால்தான் ஆட்டத்துக்கு முன்னால் இருவரும் சுவரில் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

பெரியப்பா: (பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது) ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற நம் சென்னைப் பெண்! பத்துப் பேருக்குப் பகிருங்கள்!!

நான்: பெரியப்பா, ஒலிம்பிக்கில் இதுவரை ஸ்குவாஷே கிடையாது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸில்தான் முதல்முறையாகச் சேர்க்கிறார்கள். அவர் தங்கம் வாங்கியது காமன்வெல்த்தில்.

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மாமா: அவ்வளவு பெரிய ஆளுக்கு ஒலிம்பிக்கே இல்லையா? பாவம்.

நான்: அதுதான் எனக்கும் ஆறாத விஷயம் மாமா. 2000இல், 14 வயதில் தேசிய சாம்பியன். 2005இல் பிரிட்டிஷ் ஜூனியர் ஓபன் 19 வயதுக்குட்பட்டோர் பட்டம், அதை வாங்கிய முதல் இந்தியப் பெண். 2016இல் உலகத் தரவரிசையில் 10ஆம் இடம். புவனேஸ்வரி குமாரி 16 முறை தேசிய சாம்பியனாக இருந்தார், அந்தச் சாதனையை 2019இல் தாண்டினார். கிரிக்கெட்டில் இதில் பாதி செய்திருந்தால் ஊருக்கு ஊர் கட்அவுட் நின்றிருக்கும்.

அத்தை: தீபிகா என்று இன்னொரு பெண்ணும் உண்டே? தினேஷ் கார்த்திக் மனைவி.

நான்: அது தனிக் கதை அத்தை. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் இருவரும் ஜோடி. இறுதிப்போட்டியில் எதிரே இங்கிலாந்து, அந்த ஜோடியில் ஒருவர் அப்போதைய உலக சாம்பியன் லாரா மசாரோ. ஒரு கேம்கூட விடாமல் ஜெயித்தார்கள். காமன்வெல்த் ஸ்குவாஷில் இந்தியாவுக்கு அதுதான் முதல் தங்கம். மூன்று வருடம் கழித்து இதே சென்னையில் ஆசிய சாம்பியன்ஷிப் இறுதி, இப்போது இருவரும் எதிரெதிரே! மூன்று கேம் முடிந்தபோது தீபிகா 2-1 முன்னிலை. ஒரு கேம் 11 புள்ளி, மூன்றுமே அதைத் தாண்டி இழுத்தவை. கடைசி இரண்டையும் ஜோஷ்னா 11-4, 11-4 என்று அள்ளிக்கொண்டார்.

அத்தை: அப்புறம் பேச்சுவார்த்தை உண்டா?

நான்: 2022இல் திரும்ப ஜோடி சேர்ந்து உலக இரட்டையர் பட்டமே வாங்கினார்கள். தீபிகாவுக்கு இரட்டைக் குழந்தை பிறந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

அத்தை: ஆறு மாதமா! எனக்கு அப்போது மாடிப்படி ஏறவே முடியவில்லை.

குட்டி: அவர்கள் எல்லாம் தோற்றதே இல்லையா?

நான்: எக்கச்சக்கமாக. ஊர் ஊராக நடக்கும் தொழில்முறைப் போட்டிகளில் வாராவாரம் ஒருவர்தான் கோப்பையோடு வீட்டுக்குப் போவார், மற்ற எல்லோரும் தோற்றவர்கள்தான். முதல் சுற்றில் தோற்று, மறுநாளே விமான டிக்கெட்டை மாற்றிக்கொண்டு கிளம்புவது அவர்களுக்குச் சர்வசாதாரணம். ஜோஷ்னா முழங்கால் அறுவைசிகிச்சைக்குப் பிறகு தரவரிசையில் நூறு இடத்துக்கும் வெளியே போய்விட்டார். ஆடாவிட்டால் பழைய புள்ளிகள் வருடம் திரும்பியதும் கழன்றுவிடும். அந்த நிலையில்தான் இந்த அக்டோபரில் ஜப்பான் ஓபனில் இறங்கி ஜெயித்தார்.

மாமா: 2028இல் அவருக்கு 41 ஆகிவிடுமே.

நான்: ஆமாம். போவாரா என்று யாரும் சொல்ல முடியாது.

குட்டி: எனக்கு அந்த கண்ணாடிதான் பிடிக்கவே இல்லை. மூக்கில் வியர்த்து வழுக்குகிறது.

நான்: ஜூனியர் என்றால் போட்டே ஆகவேண்டும். இரட்டையர் ஆட்டத்தில் பெரியவர்களுக்கும் அதே விதிதான். கிளாஸ்கோ போட்டோவைத் தேடிப் பார், தங்கம் வாங்கிய இருவர் முகத்திலும் அதேதான் இருக்கும்.

அண்ணன்: அபய் சிங் 3-0!! அடுத்து அனாஹத் சிங்.

பெரியப்பா: அந்தப் பெண்ணுக்கு எத்தனை வயது?

அண்ணன்: 17. ஜோஷ்னா முதல்முறை தேசிய சாம்பியன் ஆனபோது அந்தப் பெண் பிறக்கவே இல்லை. இப்போது இருவரும் ஒரே டீம்.

அண்ணன்: முடிந்தது!!! அனாஹத்தும் 3-0. கோப்பை நமக்கு. இந்தியாவுக்கு இதுதான் முதல்முறை. இங்கே காது அடைக்கிறது, அப்புறம் பேசுகிறேன்.

பெரியப்பா: 🙏🙏🙏

மாமா: இதை ஃபார்வர்டு செய்யலாமா, செக் பண்ணியாயிற்றா?

பெரியப்பா: கிண்டல் வேண்டாம் மாப்பிள்ளை.

குட்டி: அம்மா, ஸ்டூல் எங்கே?

அத்தை: பக்கத்து அறையில்தானே இருக்கிறாய், வாயால் கேட்டால் என்ன?