சொல் வேண்டும்: ‘டூயல் லாயல்டி’ (சிறை மருத்துவக் கையேடு, வெள்ளிக்குள்)

மருத்துவ மாணவி, மதுரை:
குழுவினருக்கு வணக்கம். இறுதியாண்டு மாணவர்கள் சிலர் சேர்ந்து சிறை மருத்துவம் பற்றித் தமிழில் சிறு கையேடு தயாரிக்கிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். சிறை மருத்துவருக்குச் சம்பளம் தருவது அரசு. அவர் காக்க வேண்டியது சிறைவாசியின் உடம்பை. இந்த இரண்டு பக்க இழுப்பைத்தான் ‘டூயல் லாயல்டி’ என்கிறார்கள். ‘இரட்டை விசுவாசம்’ என்று எழுதினோம். படித்துப் பார்த்த வார்டர், “ரெண்டு கட்சியில இருக்கிறவரா?” என்று கேட்டார்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்:
விசுவாசம் வடசொல். ‘இரட்டைக் கடப்பாடு’ என்று வையுங்கள், அம்மா. ‘கைம்மாறு வேண்டா கடப்பாடு’ என்று குறள் 211 மழையைச் சொல்கிறது. கடன், கடமை, கடப்பாடு மூன்றுக்கும் அடி ‘கட’. கடந்து போக முடியாதது எதுவோ அதுவே கடன் என்பது என் துணிபு. குறள் 950-இல் உற்றவன் (நோயாளி), தீர்ப்பான் (மருத்துவர்), மருந்து, உழைச்செல்வான் (அருகிருந்து கவனிப்பவர்) என மருத்துவத்துக்கு நான்கே கூறுகள். காவலனுக்கு அங்கே இடமில்லை. சிறையில் சேர மன்னன் கணைக்கால் இரும்பொறை கேட்ட தண்ணீர் காலம் தாழ்த்தி வந்ததைப் புறநானூறு 74-ஆம் பாட்டின் பழங்குறிப்பு சொல்கிறதே, அதையும் கையேட்டில் சேர்க்கலாம்.

மொழிபெயர்ப்பாளர், கோவை:
ஐயா, புறநானூறு இருக்கட்டும். படிக்கப் போவது செவிலியர், மருந்தாளுநர், வார்டர். கடப்பாடு அவர்கள் வாயில் வராது. ‘இரட்டைப் பொறுப்பு’ போதும்.

அரசு மருத்துவர், திருச்சி:
அரசு அலுவலகத்தில் இரட்டைப் பொறுப்பு என்றால் காலியான இன்னொரு பதவியையும் சேர்த்துப் பார்ப்பது. வேண்டாம்.

எனக்கு ‘இரட்டை’தான் உறுத்துகிறது. அது இரண்டையும் சமமாக்கிவிடுகிறது. 1894 சிறைச் சட்டத்தின் 50-ஆம் பிரிவைப் பாருங்கள்: கசையடிக்கு முன் கைதியின் உடம்பு அதைத் தாங்கும் என்று மருத்துவ அதிகாரி சான்று தர வேண்டும். 1982-இல் ஐ.நா. வகுத்த மருத்துவ அறநெறிகள் அப்படிச் சான்று தருவதே அறமீறல் என்கின்றன. சிறைவாசிகளை நடத்தும் முறை பற்றி ஐ.நா. 2015-இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 46-ஆவது, தண்டனை விதிப்பதில் மருத்துவப் பணியாளருக்குப் பங்கே கூடாது என்கிறது; 27-ஆவது, மருத்துவர் எடுத்த முடிவைச் சிறை அதிகாரி மாற்றக் கூடாது என்கிறது. அப்படியானால் கடமை ஒன்றுதான், மற்றது அதன்மேல் விழும் அழுத்தம். சிறைவாசியைக் கூட்டிவரும் வழிக்காவல் போலீசார் பரிசோதனை அறைக்குள்ளேயே நின்றால், காயம் எப்படி வந்தது என்று சிறைவாசி வாய் திறப்பாரா? அவர்களை வெளியே நிற்கச் சொல்லும் மருத்துவர் அரசுக்குத் துரோகம் செய்யவில்லை. ‘கடமை நெருக்கடி’ என்று எழுதுங்கள்.

தமிழாசிரியர்:
நெருக்கடி நிலைமையின் பெயர். கருத்தின் பெயர் ஆகாது. அப்புறம், ‘கைதி’ அரபுச் சொல் என்பதையும் நினைவூட்டுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர்:
‘சிறைவாசி’யில் வாசி மட்டும் தமிழா, ஐயா? இந்தத் தூய்மைக் கணக்கில் மாணவர்களின் வெள்ளிக்கிழமை போய்விடும். சரி, பொறுப்பை விட்டுவிடுகிறேன். கடப்பாடே இருக்கட்டும்.

மாணவி:
நன்றி. பெரும்பாலோர் விருப்பப்படி ‘இரட்டைக் கடப்பாடு’ என்றே போடுகிறோம். “இரண்டும் மோதினால் நோயாளியின் நலனே முதலில்” என்ற வரியும் கூடவே வரும்.

மருத்துவர்:
எனக்கு இன்னும் உடன்பாடில்லை. ஆனால் அச்சை நிறுத்த வேண்டாம். அந்த வரியை மட்டும் அடிக்குறிப்புக்குத் தள்ளாமல், சொல்லுக்குப் பக்கத்திலேயே அதே எழுத்தளவில் போடுங்கள்.