பழைய கொலுசோடு போட எடுத்து வைத்த வெள்ளி மெடல்

அஸ்தம்பட்டிக்காரன்:
அப்பாவின் சித்தப்பா ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். அவர் டிரங்குப் பெட்டியைக் காலி செய்தபோது உள்ளங்கை நடுவில் அடங்குகிற மாதிரி, கறுத்துப்போன வட்டம் ஒன்று கிடைத்தது. ஒரு பக்கம் கோட் போட்ட ஆள், கீழே ஆங்கிலத்தில் சுகிஹாரா. மறுபக்கம் கௌனஸ் 1940. ரூபாய், டாலர் என்று எதுவும் இல்லை, விளிம்பில் 925 மட்டும். எஸ்டேட்டுக்கு வந்த யாரோ கொடுத்தது என்று அப்பாவுக்கு அரைகுறை ஞாபகம். அம்மா, பழைய கொலுசோடு இதையும் போட்டுப் புதுசு எடுத்துவிடலாம் என்கிறார். போடலாமா? யார் இந்த ஆள்?

பட்டறைவாசி:
செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்குக் கொலுசு வேலைதான். கடையில் போட்டால் எடைக்குத்தான் காசு, உருக்குகிற இடத்தில் யார் முகமாக இருந்தால் என்ன. முதலில் வெள்ளிதானா பாருங்கள், 925 என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, ஆனால் அந்த எண்ணை எதில் வேண்டுமானாலும் குத்தலாம். உரைகல்லில் தேய்க்க மட்டும் விடாதீர்கள். நகைக்கடையில் சுத்தம் பார்க்கிற டச் மெஷினில் வைத்தால் கீறாமல் தெரிந்துவிடும். வீட்டிலேயே என்றால் நகைத் தராசில் எடை எடுங்கள், அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, மெடலை நூலில் கட்டி அடியில் படாமல் முழுக்க மூழ்கவிட்டு, தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி கிடைக்கும், 925 வெள்ளிக்கு 10.3 பக்கம் வர வேண்டும். வெள்ளியே இல்லாத செம்பு, நிக்கல் கலவையான ஜெர்மன் சில்வர் 9ஐத் தொடாது. கறுப்பாக இருக்கிறதே என்று புளி, விபூதி போட்டுத் தேய்த்தால் மெடல் போச்சு.

மிளகுக்கொடி:
சியூனே சுகிஹாரா. லிதுவேனியாவின் கௌனஸ் நகரில் ஜப்பானிய வைஸ் கான்சல். 1940 கோடையில் போலந்திலிருந்து தப்பி வந்த யூதர்கள் அவர் வாசலில் கூடிவிட்டார்கள். டோக்கியோவுக்குத் தந்தி அடித்தார், போகிற நாட்டின் அனுமதி இல்லாதவர்களுக்கு விசா கிடையாது என்று பதில். அப்படியும் கையாலேயே எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். விசா கொடுத்த பட்டியலில் 2,100க்கு மேல் பெயர்கள், ஒரே விசாவில் குடும்பமே போயிருக்கிறது.

ஆனால் எனக்குப் பிடித்தவர் இன்னொருவர். அதே ஊரில் ஃபிலிப்ஸ் கம்பெனி ஆளாக இருந்துகொண்டு டச்சு கான்சல் வேலையும் பார்த்த யான் ஸ்வார்ட்டென்டைக். கரீபியனில் டச்சுக்காரர்கள் வசம் இருந்த குரசாவோ தீவுக்கு விசா தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தார். இறங்குவதற்கு ஆளுநர் அனுமதி வேண்டும் என்கிற மீதிப் பாதியை எழுதாமல் விட்டுவிட்டார்! அந்தத் துண்டு வரியைப் பிடித்துக்கொண்டுதான் சுகிஹாரா ஜப்பான் வழியாகப் போகும் விசா போட்டார். சைபீரிய ரயில், விளாடிவாஸ்டாக், அங்கிருந்து கப்பலில் சுருகா, பிறகு கோபே. 1947இல் சுகிஹாராவுக்கு வெளியுறவுத் துறை வேலை போனது. நாஜிகள் கொன்ற யூதர்களுக்கான இஸ்ரேலின் நினைவகம் யாத் வஷேம் கௌரவித்தது 1984இல், 1986இல் இறந்துவிட்டார்.

விளிம்பில் வேறு எழுத்தோ எண்ணோ இருந்தால் போட்டோ போடுங்கள், அடித்தது யார் என்று பார்க்கலாம்.

அஸ்தம்பட்டிக்காரன்:
31.1 கிராம், தண்ணீரில் 3.01. 10.33 வருகிறது! இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், குரசாவோ இடத்தில் சிரித்துவிட்டு, வேலை போன இடத்தில் கொஞ்ச நேரம் பேசவில்லை. கொலுசை மட்டும் போடப் போகிறோம். மெடலைப் பேப்பரில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன்.

பட்டறைவாசி:
ஐயோ, ரப்பர் பேண்டை உடனே எடுங்கள். அதில் இருக்கும் கந்தகம் பட்டை பட்டையாகக் கறுப்பு ஏற்றிவிடும். பருத்தித் துணி போதும்.