விண்கலக் கணினிகளின் பராமரிப்புச் சோதனை: கதைக்காக ஓர் ஐயம்

பரந்தன் வாசகி:
வணக்கம். 'முல்லை' என்னும் கற்பனை விண்கலத்தைப் பற்றித் தொடர்கதை ஒன்று எழுதி வருகிறேன். வன்னியிலிருந்து புறப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாற்பது பேர் அதில் பயணம் செய்கிறார்கள். ஒரே மாதிரியான மூன்று கணினிகள் கலத்தை இயக்குகின்றன. பராமரிப்புப் பொறுப்பாளரான நிலா, நாள்தோறும் காலையில் அவற்றின் அறிக்கையைப் பார்த்து, "யாவும் சரி" என்று பதிகிறாள். கணினியே தன்னைச் சோதித்துச் சொல்லும்போது அதற்குக் கையெழுத்திட ஓர் ஆள் எதற்கு என்று என் தம்பி கேட்டான். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அவளுக்கு உண்மையில் என்ன வேலை இருக்கும்?

அறிவியல் நகர் மாணவன்:
அக்கா, விண்வெளியில் ஆற்றல் மிக்க துகள் ஒன்று நினைவகச் சில்லில் பாய்ந்தால், 0 ஆக இருந்த இடம் 1 ஆக மாறிவிடலாம். சில்லு கெடாமலே உள்ளிருக்கும் தகவல் பிழையாகிவிடும். அதனால் தகவலோடு, பிழையைக் கண்டு திருத்த உதவும் குறிகளையும் சேர்த்து வைத்து, நினைவகம் முழுவதையும் ஓயாமல் வாசித்துத் திருத்திக்கொண்டிருக்கும் ஏற்பாடு உண்டு. நிலா பார்க்க வேண்டியது "சரி" என்ற சொல்லை அல்ல, நேற்று எத்தனை பிழைகள் திருத்தப்பட்டன, இன்று எத்தனை என்ற எண்ணிக்கையை. ஒரு சில்லில் மட்டும் அந்த எண் நாளுக்கு நாள் ஏறினால், அந்தச் சில்லு தளர்கிறது என்று அவள் ஐயுற வேண்டும்.

மூன்று கணினிகளும் ஒரே மாதிரி என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ஏவூர்தி தன் முதற் பயணத்திலேயே, ஏறக்குறைய 37 செக்கன்களில் வழி தவறி அழிந்தது. அதற்கு முந்தைய ஏரியான் 4 இற்காக எழுதிய மென்பொருட் பகுதி ஒன்று, 16 பிட்டுக்குள் (0 அல்லது 1 வைக்கும் பதினாறு இடங்களுக்குள்) அடங்காத பெரிய எண்ணை அதற்குள் மாற்ற முயன்று நின்றுபோனது. மாற்றாக வைத்திருந்த கருவியிலும் அதே மென்பொருள் இருந்தபடியால், அதுவும் அதே காரணத்தால் நின்றுபோயிருந்தது. இதற்கு மாறாக, அமெரிக்க விண்ணோடத்தில் இருந்த ஐந்து கணினிகளில் நான்கு ஒரே மென்பொருளை இயக்க, ஐந்தாவதற்கு வேறொரு குழு தனியாக எழுதிய மென்பொருள் இருந்தது. முல்லைக்கும் அப்படி ஒரு கணினி வேண்டும்.

இரணைமடுக்காரன்:
தங்கச்சி, எனக்கு விண்கலம் தெரியாது, மின்பிறப்பாக்கி தெரியும். நான் முன்பு வேலை செய்த இடத்தில் திங்கட்கிழமை தோறும் அதை ஐந்து நிமிடம் ஓட்டி, எண்ணெய், தண்ணீர், பற்றரி மூன்றையும் பார்த்துக் கொப்பியில் சரி அடையாளம் இடுவோம். மாரி மழையில் மின்சாரம் நின்ற ஓர் இரவு, இயந்திரம் முதல் முயற்சியிலேயே இயங்கியது, ஆனால் கட்டடத்தில் ஒரு விளக்கும் எரியவில்லை. மின்சாரத்தை மாற்றிவிடும் சுவிட்சைக் கழற்றிப் பார்த்தபோது, அதன் தொடுமுனைகளுக்கு நடுவே சிற்றெறும்புகள் புகுந்து, கருகி, கரிப்படையாக ஒட்டியிருந்தன. மாதக்கணக்கில் நாங்கள் இட்ட அடையாளங்களில் ஒன்றும் பொய் இல்லை. இயந்திரத்தைச் சோதித்தோம், அங்கிருந்து விளக்கு வரையுள்ள வழியை ஒருநாளும் சோதிக்கவில்லை. ஆகவே உங்கள் நிலா, கலம் அமைதியாகப் போகும் ஒரு நாளில், ஓடும் கணினியைத் தன் கையாலேயே நிறுத்தி, மற்றது உண்மையில் பொறுப்பை ஏற்கிறதா, காற்றும் வெளிச்சமும் தடையின்றித் தொடர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அது பயமான வேலைதான், ஆனாலும் செய்தே ஆக வேண்டும்.

பரந்தன் வாசகி:
இருவருக்கும் மிக்க நன்றி. ஐயா, அந்த எறும்புகளை வாசித்தபின் அத்தியாயத்தை முதலிலிருந்தே மாற்றி எழுதத் தொடங்கிவிட்டேன். இன்னொன்று: சில்லு முற்றாகச் செத்து, மாற்றுச் சில்லும் இல்லாவிட்டால் நிலா என்ன செய்வாள்?

அறிவியல் நகர் மாணவன்:
அதற்கு நாசாவின் தொலைதூர விண்கலமான வொயேஜர் 1 முன்மாதிரி, அக்கா. 1977 இல் ஏவப்பட்ட அக்கலம் 2023 நவம்பரில் பொருளற்ற தகவல்களை அனுப்பத் தொடங்கியது. ஒரு நினைவகச் சில்லு செயலிழந்ததே காரணம். அதிலிருந்த நிரல் முழுவதையும் வைக்கப் போதிய இடம் வேறெங்கும் ஒரே தொடராக இல்லாததால், பொறியியலாளர்கள் அதைத் துண்டுகளாகப் பிரித்து, நினைவகத்தின் வெவ்வேறு இடங்களில் வைத்து, துண்டுகள் ஒன்றையொன்று சரியாக அழைக்கும்படி திருத்தினார்கள். கட்டளை போய்ச்சேர ஏறத்தாழ 22½ மணிநேரம், விடை திரும்ப இன்னும் அவ்வளவு. 2024 ஏப்ரலில் கலத்தின் நிலை பற்றிய தகவல்கள் மீண்டும் வாசிக்கக்கூடியதாக வந்தன. நிலாவும் அப்படிச் செய்யலாம். ஆனால் நினைவகத்தில் எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்ற வரைபடம் அந்தக் கணினிக்குள் மட்டும் இருந்தால் அவளுக்கு உதவாது. அதைக் கடதாசியில் எழுதி, ஒவ்வொரு மாற்றத்தின்போதும் திருத்தி வைத்திருப்பவளாக அவளை முதல் அத்தியாயத்திலேயே காட்டிவிடுங்கள்.