பகலில் தூங்க இயர்பட்ஸா, இயர்பிளக்கா? காதை அடைத்தால் உள்ளே சில்வண்டு கத்துகிறது

தங்கச்சிமடம் டிரைவர்:

அனைவருக்கும் வணக்கம். தங்கச்சிமடத்தில் இருக்கிறேன். ராமேஸ்வரத்தில் விசைப்படகு ஓட்டுகிறேன். வயது 43. கடலுக்குப் போக ஆரம்பித்து 24 வருடம் ஆகிறது, அதில் 16 வருடம் டிரைவராக. தூக்கத்தைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குக் கடல் வாரத்தில் மூன்று நாள்: திங்கள், புதன், சனி. காலையில் டோக்கன் வாங்கிக்கொண்டு கிளம்பினால் மறுநாள் விடிந்துதான் கரை. இரவெல்லாம் வலை இழுவை. வந்ததும் இறால், நண்டு, கணவாய் என்று பிரித்து, சங்காயம் என்கிற கழிவு மீனைத் தனியே அள்ளி, எடை போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிடும்போது மணி 11 ஆகிவிடும். ஊருக்கு நடுப்பகல், எனக்கு அப்போதுதான் இரவு.

வீட்டுக்குப் பின்னால் ஒரு ஐஸ் கம்பெனி. ஐஸ் பாளத்தை அரவை மெஷினில் தள்ளும்போது எழும் சத்தம் பல்லைக் கூசவைக்கும். இடையிடையே மீன் லாரி பின்னால் வரும் பீப் சத்தம், பக்கத்து வீட்டு மிக்சி. கச்சான் காற்றுக் காலம் என்றால் எங்கள் வராந்தாத் தகரமே போதும், விடாமல் அடித்துக்கொண்டிருக்கும். நான்கு மணி நேரம் தொடர்ந்து தூங்கி நாளாகிவிட்டது. தூங்காத கண்ணோடு சுக்கான் பிடித்துக் கடலில் ஐந்து பேரை அழைத்துப் போகிறேன். இது சின்ன விஷயம் இல்லை.

முதலில் மகளின் இயர்பட்ஸை வாங்கி, மழைச் சத்தம் போட்டுக்கொண்டு படுத்தேன். முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது. நான் வலப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பவன். இரண்டாவது வாரத்தில் வலது காதில் ஊறல் எடுத்தது, அப்புறம் வலி. காதைத் தொட்டாலே சுள்ளென்றது. சரி என்று அதை விட்டுவிட்டு மெடிக்கலில் மஞ்சள் நுரை இயர்பிளக் ஒரு ஜோடி வாங்கினேன். சத்தம் குறைந்தது உண்மை. ஆனால் காதை அடைத்த உடனே உள்ளே ஒரு சில்வண்டு கத்த ஆரம்பிக்கிறது. 'ங்ஙீ' என்று ஒரே சுரம், நிற்பதே இல்லை. வெளியில் எவ்வளவு அமைதியோ அவ்வளவு பலமாக உள்ளே கேட்கிறது. இந்த வருடம் மீன்பிடித் தடைக்காலத்திலும் அதைக் கவனித்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் எஞ்சின் பக்கமே போகவில்லை. அப்போதும் சில்வண்டு ஓயவில்லை.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. அம்மாவுக்கு 78 வயது. நடுக்கூடத்தில் கட்டிலில் இருக்கிறார், எழுந்து நடக்க ஆள் வேண்டும். போன மாதம் ஒரு நாள் மனைவி மீன் கணக்கு முடிக்கப் போயிருந்தார். நான் உள்ளறையில் இயர்பிளக் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டேன். அம்மா தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டிருக்கிறார். கூப்பிட்டுக் கூப்பிட்டு, தானே எழப் பார்த்து, கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் எழுந்து வந்து பார்த்தபோது மூன்று மணி. அடிபடவில்லை. "நீ தூங்கட்டும் என்றுதான் பிறகு சத்தம் போடவில்லை" என்றார். அன்றிலிருந்து காதை அடைக்கவே கை வரவில்லை.

இயர்பட்ஸ் நல்லதா, இயர்பிளக் நல்லதா? காதைக் கெடுக்காமல், அம்மா கூப்பிட்டால் தெரியும்படி தூங்க வழி இருக்கிறதா?

கீழக்கரை செவிலியர்:

அண்ணன், நானும் இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்குகிறவள்தான். ஒன்பது வருடமாக நுரை இயர்பிளக் போடுகிறேன், காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் முறையைச் சொல்கிறேன்.

முதலில் கை. மீன் பிரித்த கை, டீசல் பட்ட கை, எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் ஏதாவது மிச்சம் இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, கையும் காதும் ஈரமில்லாமல் துடைத்த பிறகே இயர்பிளக்கைத் தொட வேண்டும். குளித்த உடனே அடைத்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லை. நம் கடலோரப் புழுக்கத்தில் அது போதும், காதுக்குழாயில் பூஞ்சை பிடித்துக்கொள்ளும். உங்களுக்கு வந்த ஊறலைப் படித்ததும் எனக்கு முதலில் அந்தச் சந்தேகம்தான் வந்தது. வலி இருக்கும்வரை அந்தக் காதில் எதையும் வைக்காதீர்கள். எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதும் வேண்டாம்.

இனி வைக்கும் முறை. பாதிப்பேர் இயர்பிளக்கை அப்படியே காது வாசலில் சொருகிவிட்டு, சத்தம் குறையவில்லை என்பார்கள். சுத்தமான விரல்களுக்கு இடையில் உருட்டி உருட்டி, மடிப்பு விழாமல் தீக்குச்சிபோல மெல்லியதாக்க வேண்டும். வலது காதுக்கு வைப்பதானால் இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து, காதின் மேல்நுனியைப் பிடித்து மேலும் பின்னுமாக இழுங்கள். காதுக்குழாய் வளைவு நிமிர்ந்து கொடுக்கும். அப்போது உள்ளே விட்டு, விரல் நுனியால் 20, 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். நுரை மெதுவாக விரிந்து குழாயை நிறைப்பது விரலுக்கே தெரியும். முனை கொஞ்சம் வெளியே நிற்க வேண்டும், இல்லையென்றால் எடுக்கச் சிரமம். எடுக்கும்போது வெடுக்கென்று இழுக்காமல் மெல்லத் திருகி எடுங்கள். அழுக்கானதும், விரிவது மந்தமானதும் தூக்கிப் போட்டுவிடுங்கள். பல நாள் ஒரே ஜோடியை வைத்திருப்பதுதான் பல காதுகளைக் கெடுக்கிறது.

பெட்டியில் 32, 33 டெசிபல் குறைக்கும் என்று போட்டிருப்பார்கள். அது பரிசோதனைக் கூடத்தில் சரியாகப் பொருத்திப் பார்த்த கணக்கு. வீட்டில் நாம் வைக்கும் விதத்துக்கு அதில் பாதி கிடைத்தாலே பெரிது.

அம்மாவுக்கு வயர் இல்லாத காலிங் பெல் ஒன்று வாங்கிப் பொத்தானைக் கட்டிலில் கட்டிவிடுங்கள், மணியை உங்கள் தலைமாட்டில் வையுங்கள்.

அக்னிதீர்த்தம் தெரு:

ராமேஸ்வரத்தில் தங்கும் விடுதியில் வேலை. ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்து அறையில்தான் படுக்கை. இரைச்சலைத் தணிக்கும் வகை இயர்பட்ஸ் வைத்திருக்கிறேன். வெளிச் சத்தத்தை மைக் வாங்கி, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே விட்டு அமுக்குகிறது. ஜெனரேட்டர், மின்விசிறி, ஏசி மாதிரி ஒரே சீராக உறுமுகிற சத்தம் ஏறக்குறைய காணாமல் போய்விடும். கதவு அடிப்பது, பாத்திரம் விழுவது, ஆள் பேசுவது எல்லாம் வந்துகொண்டுதான் இருக்கும். டிரைவர் அண்ணன் சொல்லும் ஐஸ் அரவைக்கு இது முழுதாக உதவாது என்பது என் அனுபவம். நானும் ஒருக்களித்துப் படுக்க முடியாமல் மல்லாந்தே படுக்கப் பழகிவிட்டேன். நடு இரவில் சார்ஜ் தீர்ந்தால் அது காதில் சொருகிய வெறும் பிளாஸ்டிக், அவ்வளவுதான்.

மண்டபம் வடக்கு:

ஐஸ் கம்பெனி மேல் மனு கொடுங்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பே இருக்கிறது.

தங்கச்சிமடம் டிரைவர்:

மண்டபம் நண்பருக்கு நன்றி. மனு கொடுக்க மனம் இல்லை. அந்த ஐஸ் இல்லாமல் எங்கள் படகு கிளம்பாது. அங்கே வேலை செய்கிறவர்கள் என் சொந்தக்காரர்கள்.

செவிலியர் தங்கச்சி, காலிங் பெல் வாங்கினேன். காதை அடைத்தபடி நல்ல தூக்கத்தில் இருந்தால் அதுவும் கேட்கவில்லை. மனைவியை அழுத்தச் சொல்லி இரண்டு நாள் சோதித்தும் பார்த்தோம்.

தொண்டி செவித்திறன்:

செவித்திறன் பரிசோதனை படித்தவன். சொந்த ஊர் தொண்டி, வேலை மதுரையில். என் அப்பாவும் கடல் தொழில்தான். அவருக்கு 60 வயதில் பேரப்பிள்ளைகள் பேசுவது கேட்காமல் போனது. நான் இந்தப் படிப்புக்கு வந்ததே அதனால்தான். எனவே உரிமையோடு சொல்கிறேன், அண்ணன்: நீங்கள் படுக்கையில் காதைக் காப்பாற்றப் பார்க்கிறீர்கள். காது போய்க்கொண்டிருப்பது படகில்.

எஞ்சின் எங்கே இருக்கிறது? உங்கள் காலுக்குக் கீழே, பலகைத் தளத்துக்கு அடியில். ஒரு கை நீளத்தில் நிற்கும் ஆளிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அங்கே ஏறக்குறைய 85 டெசிபலுக்கு மேல் இருக்கிறது என்று பொருள். அந்த அளவுச் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி, 100 என்றால் கால் மணி. நீங்கள் ஒரு தடவை கடலுக்குப் போனால் அந்தச் சத்தத்தில் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க நிற்கிறீர்கள், 16 வருடமாக.

உள்காதில் மயிர் போன்ற நுண்ணிய செல்கள் இருக்கின்றன. அதிர்வை நரம்புக்குச் சொல்வது அவைதான். செத்தால் மறுபடி முளைக்காது. பெரும்பாலும் முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸ் அருகில், கீச்சென்ற சத்தங்களுக்கான இடம். அங்கிருந்து வரவேண்டிய செய்தி குறைந்ததும் மூளை தன் பங்குக்கு ஒலியைக் கூட்டிவைக்கிறது. அந்தக் கூட்டலே உங்கள் சில்வண்டு. கடலில் இருந்து வந்த அன்று இரைந்து மறுநாள் அடங்கினால் அது எச்சரிக்கை. 61 நாள் எஞ்சின் இல்லாமலும் நிற்கவில்லை என்றால் தங்கிவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும்.

அதனால்தான் காதை அடைத்தால் கூடுகிறது. வெளியே ஒன்றும் இல்லையென்றால் உள்ளே இருப்பதுதான் கேட்கும். உங்களுக்கு முழு அமைதி ஆகாது. தூங்கும்போது மேசை விசிறியைச் சுவரைப் பார்க்கத் திருப்பி ஓடவிடுங்கள். அல்லது அலைச் சத்தம், மழைச் சத்தத்தை அறையில் ஒரு சிறு ஸ்பீக்கரில் மெல்ல வையுங்கள். சில்வண்டை மூழ்கடிக்கிற அளவுக்கு வேண்டாம், அதற்குச் சற்றுக் கீழே. ஐஸ் அரவையின் முரட்டுத்தனமும் இந்தச் சத்தத்தில் கொஞ்சம் கரையும். அதற்கு மேலும் தேவைப்பட்டால், காது ஆறிய பிறகு, இயர்பிளக்கைத் தலையணையில் படாத பக்கக் காதில் மட்டும் வைத்துப் பாருங்கள். மற்றதைத் தலையணையே ஓரளவு அடைத்துவிடும்.

படகில் காதுக்கு மேல் கவிழ்க்கும் கவசம் போடுங்கள். எஞ்சினுக்குள் இறங்கும்போதாவது கட்டாயம். 'படகின் முன்பக்கம், அணியத்தில் நிற்கிறவன் கத்துவது கேட்காதே' என்பீர்கள். இப்போது மட்டும் கேட்கிறதா? வலையை இழுத்து ஏற்றும்போது நீங்கள் எல்லோரும் கையசைத்துத்தானே பேசிக்கொள்கிறீர்கள்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போய் முதலில் அந்த ஊறலைக் காட்டுங்கள், செவித்திறனையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இன்னொன்று: எப்போதாவது ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

கீழக்கரை செவிலியர்:

தொண்டித் தம்பி சொன்னதை என் அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். அண்ணன், அப்பா ஒன்று கேட்கச் சொன்னார்: தூண்டில்காரர் இரவில் எப்படித் தூங்குவார்?

தங்கச்சிமடம் டிரைவர்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். காது டாக்டரைப் பார்த்தேன். வலது காதில் பூஞ்சைதான். உறிஞ்சிச் சுத்தம் செய்து சொட்டு மருந்து கொடுத்தார்கள். பத்து நாளில் ஊறல் போய்விட்டது. செவித்திறன் பரிசோதனையும் செய்தார்கள். தாளில் கோடு நேராக வந்துகொண்டிருந்தது, 4,000 வந்ததும் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கிவிட்டது. இரண்டு காதிலும் அப்படியே. தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என்னோடு வருகிறவர்களில் இளையவனுக்கு 19 வயது. அவன் எஞ்சினுக்கு மேலேயே பாய் விரித்துப் படுப்பான். இப்போது அவனை அணியத்துப் பக்கம் படுக்கவைக்கிறேன். கவசம் இரண்டு வாங்கினேன், ஒன்று அவனுக்கு.

தூக்கம் ஐந்து மணி நேரம் வருகிறது. விசிறி ஓடுகிறது, இடது காதில் மட்டும் இயர்பிளக். சில்வண்டு இருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுகிறேன்.

செவிலியர் தங்கச்சியின் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். தூண்டில்காரர் தூண்டில் கயிற்றை, நாங்கள் நரம்பு என்போம், விரலில் சுற்றிக்கொண்டு தூங்குவார், மீன் இழுத்தால் எழுவார். சிறுவயதில் வள்ளத்தில் நானே அப்படித் தூங்கியிருக்கிறேன், எனக்கு அது தோன்றவில்லை பாருங்கள். இப்போது அம்மாவின் கட்டில் சட்டத்தில் இருந்து சுவரோரமாக, ஆணியில் கோத்து, உள்ளறைவரை நரம்பு ஓடுகிறது. அம்மா கைப்பிடிக்கு ஒரு மிதவைக் கட்டை கட்டியிருக்கிறேன். என் பக்கம் அகலத் துணிப்பட்டை, கால் பெருவிரலில் தளர்வாக. பலமாக இழுத்தால் கழன்றுவிடும்.

நேற்று இரண்டு மணிக்கு ஓர் இழுப்பு வந்தது. எழுந்து ஓடினேன். தண்ணீர் வேண்டாமாம். "வேலை செய்கிறதா என்று பார்த்தேன்" என்றார் அம்மா.